முதலில் முறிந்த ஈர்க்கு

பாலத்தைக் கட்டும்போது பிள்ளைகள் பொறுமையாகத்தான் இருப்பார்கள். உடைக்கும் நேரம் வந்தால் பேய் பிடித்தவர்கள் மாதிரி ஆகிவிடுவார்கள்.

"உடை! உடை! உடை!"

வாசிகசாலையின் தகரக் கூரை அதிர்ந்தது. இரண்டு மேசைகளை ஒரு முழ இடைவெளி விட்டுப் போட்டு, நடுவே தென்னை ஈர்க்கால் கட்டிய பாலத்தை வைத்து, அதன்மேல் செல்வநாயகம் ஒவ்வொரு படிக்கல்லாக ஏற்றிக்கொண்டிருந்தார். அவர் ஊர் விவசாயிகளின் கமக்காரர் அமைப்புக்குத் தலைவர். ஆற்றுக்கு அக்கரைச் சந்தியில் ஒரு சின்னக் கடையும் வைத்திருந்தார். கடைக்குப் புதுத் தராசு வந்த பிறகு சும்மா கிடந்த இரும்புப் படிக்கற்களை, சனிக்கிழமை தவறாமல் உரப்பையில் போட்டுச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்துவிடுவார். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் 'பாரம் ஐயா'.

"நெரியுது, ஐயா, நெரியுது! இன்னும் ஒண்டு வையுங்கோ!"

அவர் இன்னொரு கல்லை வைத்துக் கையை எடுத்தார். மேனுகாவின் பாலம் ஒரு கணம் முனகியது. பிறகு பளீரென்று ஒரு சத்தம். படிக்கற்கள் சீமெந்து நிலத்தில் இடி மாதிரி விழுந்து உருண்டன. பிள்ளைகள் குதித்தார்கள், கூக்குரலிட்டார்கள். பாலத்தைக் கட்டிய மேனுகாதான் எல்லாரிலும் கூடச் சத்தம் போட்டாள்.

"ஒருத்தரும் அசையக் கூடாது," என்றாள் வினோஜா. "எது முதல் முறிஞ்சது?"

உடனே எல்லாரும் அடங்கினார்கள்.

வினோஜா பெரியவர்கள் முன்னால் வாய் திறக்கமாட்டாள். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் போவதை விட்டவள். கடையில் சாமான் கேட்பதற்கே இரண்டு தரம் தொண்டையைச் செருமுவாள். ஆனால் பிள்ளைகள் முன்னால் அவளுக்குக் குரல் வந்துவிடும். எப்போதோ ஒரு தொண்டு நிறுவனத்துப் பெடியன் வந்து சில கிழமைகள் இந்தப் பால வகுப்பை நடத்திவிட்டுப் போனான். அவன் போன பிறகும் அவள் விடவில்லை. ஒன்றை மட்டும் அவளாகவே சேர்த்தாள். கூடப் பாரம் தாங்கிய பாலத்துக்கு வெற்றி இல்லை. எந்த ஈர்க்கு முதலில் முறிந்தது என்று சரியாகச் சொல்கிற பிள்ளைக்குத்தான் வெற்றி.

"பாக்கிற ஆளுக்கு எல்லாம் ஒண்டா விழுந்த மாதிரித்தான் இருக்கும்," என்று அடிக்கடி சொல்வாள். "ஆனா ஒண்டு முதல் போகும். அது போனாப் பிறகுதான் எல்லாம் ஒண்டாப் போகும். அந்த ஒண்டைப் பிடிக்க வேணும். கண் வெட்டக் கூடாது."

மேனுகாவுக்குப் பதினொரு வயது. கண் வெட்டாமல் பார்ப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. இப்போதும் அவள்தான் கையை உயர்த்தினாள்.

"இடப்பக்கம் கீழ் ஈர்க்கு, அக்கா. முடிச்சுக்குக் கிட்ட. பிறகு எல்லாம் ஒண்டாப் போச்சு."

எடுத்துப் பார்த்தார்கள். சரியாகவே இருந்தது.

அன்றைக்கு விதுசனின் பாலம்தான் வம்பாய்ப் போனது. படிக்கற்கள் எல்லாம் ஏறி முடிந்த பிறகும் அது அசையாமல் நின்றது. விதுசன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தான்.

"ஐயா, உங்கட பாரம் முடிஞ்சுது. என்ர பாலம் முடியேல்லை."

"பொறடா பொறு," என்றார் செல்வநாயகம். "வாற சனி என்ர அலவாங்கைக் கொண்டு வாறன். அதையும் ஏத்துவம். அப்ப பாப்பம் உன்ர வீரத்தை."

கிணறு வெட்டும் கனத்த இரும்புப் பாரை அது. பிள்ளைகள் அந்தக் கிழமை முழுக்க அதையே சொல்லித் திரிந்தார்கள். சனிக்கிழமை பாலம் உடைக்கிறம், அலவாங்கு வருது.

*

வெள்ளிக்கிழமை பின்னேரம் வினோஜாவின் அண்ணன் நிருஷன் நித்திரையால் எழும்பிவந்து குசினிக்குள் சாப்பிட இருந்தான். ஆற்று மணல் விற்கிற பிரதீபனின் உழவு இயந்திரத்தில் களவாக மணல் ஏற்றுவது அவன் வேலை. அந்த ஊருக்குள் வரும் பாதையில் ஆற்றுக்கு மேலே ஒரே ஒரு பழைய பாலம். மாட்டு வண்டிக்குக் கட்டியது. அதன்மேல்தான் பிரதீபனின் இயந்திரங்கள் மணலோடு ஓடின. பாலத்துக் கால்களைச் சுற்றியே மணலை அள்ளியதில் ஒரு காலின் அடி வெளியே தெரிந்தது.

நிருஷனின் வலக்கை விரல் மொளிகள் வீங்கியிருந்தன.

"என்ன கை?" என்றாள் வினோஜா.

"ஒருத்தன்ர பல்லுப் பட்டது." அவன் சிரித்தான். "தன்ர வயல் வரம்பு ஆத்துக்குள்ள இடிஞ்சு போச்சாம் எண்டு மறிச்சுக்கொண்டு நிண்டான். ஒரே அடிதான். சாக்கு மாதிரி விழுந்தான். எழும்பேக்கை பல்லைத் தேடுறான், அம்மா! டோர்ச் அடிச்சுத் தேடுறான்!"

தாய் கமலாட்சி ஒன்றும் கேட்காதவள் மாதிரி அவன் புட்டுக்கு மேலே இன்னொரு அகப்பை குழம்பு விட்டாள்.

"அண்ணா, மெசினால இறங்கு," என்றாள் வினோஜா. "ஒருநாள் நீ ஆரையாவது கொல்லுவாய். இல்லாட்டி உன்னை ஆரும் கொல்லுவினம்."

சாப்பாட்டுக் கோப்பை அவள் தலைக்கு மேலால் பறந்து சுவரில் அடித்துச் சிதறியது. புட்டும் குழம்பும் அவள் தோளில் வழிந்தன.

"பத்தாம் வகுப்புத் தாண்டாதது ரீச்சராம்! எனக்கு வகுப்பெடுக்குது! உன்னாலதான்டி எனக்கு அங்க மரியாதை இல்லை. உன்ர பாரம் ஐயா கமக்காரர் கூட்டத்தில என்ன கத்தினவர்? பாலத்தை உடைச்சு விட்டாத்தான் மணல் மெசின் நிக்குமெண்டு கத்தினவரோ இல்லையோ? 'உன்ர தங்கச்சி அந்தாளோடதானே, நீதான் எங்கட கதையை அங்க கொண்டுபோறாய்' எண்டு பிரதீபன் அண்ணை என்னைக் கேக்கிறார். எல்லாற்ற முன்னாலயும் கேக்கிறார்!"

செல்வநாயகம் அப்படிக் கத்தியது உண்மைதான். அது கோபத்தில் வந்த கதை. மறுநாளே அவர் மாவட்ட அரசாங்கக் கச்சேரிக்கு ஒரு மனு எழுதிக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டார்.

வினோஜா உடைந்த கோப்பையைப் பொறுக்கினாள். தோளைக் கழுவினாள். பிறகு முற்றத்துப் பூவரசுக்குக் கீழே போய் நின்று, போனை வாய்க்குக் கிட்டப் பிடித்து, செல்வநாயகத்துக்குக் குரல் பதிவு ஒன்று அனுப்பினாள். நேரே பேச வெட்கம். பதிவென்றால் அவளுக்குச் சுகம்.

"ஐயா, நாளைக்கு மூண்டு மணிக்குப் பாலம் உடைக்கிறம். அலவாங்கை மறந்து போடாதேங்கோ."

திரும்பியபோது நிருஷன் பின்னால் நின்றான். இடுப்புச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது.

"எத்தினை மணி எண்டனீ?"

"மூண்டு." அவன் குரல் தணிந்திருந்தது. அது அவளுக்கு ஆறுதலாக இருந்தது. "நீயும் வாவன் அண்ணா. ஒருநாளும் வந்து பாக்கேல்லைத்தானே."

அவளும் பிள்ளைகளும் ஈர்க்கோடு ஏதோ விளையாடுகிறார்கள் என்பதற்கு மேல் அவனுக்கு அந்த வகுப்பைப் பற்றி எதுவும் தெரியாது. அவன் கேட்டதும் இல்லை. பகல் முழுக்க நித்திரை கொள்கிற ஆள்.

சாரத்தை இறுக்கிக் கட்டினான்.

"வருவன்," என்றான். மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பிரதீபன் வீட்டுப் பக்கம் போனான்.

வினோஜா அன்றைக்குச் சந்தோசமாகவே படுத்தாள்.

*

வாசிகசாலை விறாந்தையில் நின்றால் ஆற்றுப் பாலம் நன்றாகத் தெரியும். சனிக்கிழமை மூன்று மணிக்குப் பிள்ளைகள் எல்லாரும் விறாந்தைத் திண்ணையில் ஏறி நின்று பாரம் ஐயாவின் வரவைப் பார்த்தார்கள். விதுசன் தன் பாலத்தைக் குழந்தைப்பிள்ளையைத் தூக்குவதுபோல இரு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றான்.

பாலத்தின் இந்தக் கரையில் பிரதீபனின் இயந்திரங்கள் இரண்டு நின்றன. ஆட்களும் நின்றார்கள். அவர்களுக்குள் நிருஷனைக் கண்டதும் வினோஜா கையை அசைத்தாள். அவன் பார்க்கவில்லை.

"அந்தா வாறார்!" என்று கத்தினாள் மேனுகா.

செல்வநாயகம் அக்கரையிலிருந்து மெல்ல மெல்ல மிதித்து வந்தார். சைக்கிளின் குறுக்குப் பாரோடு அலவாங்கை நீளமாகக் கட்டியிருந்தார். பின்னால் படிக்கல் மூட்டை. நடுப்பாலத்துக்கு வந்ததும் பிள்ளைகளைக் கண்டு ஒரு கையைத் தூக்கினார்.

அந்தக் கை கீழே வருவதற்குள் நிருஷன் ஓடிப்போய் மண்வெட்டிப் பிடியால் அவர் காதடியில் அடித்தான்.

சைக்கிளும் ஆளும் மூட்டையும் ஒன்றாகச் சரிந்தன. மூட்டை கிழிந்து படிக்கற்கள் பாலமெங்கும் உருண்டன. பிரதீபன் வந்து குனிந்து, அவசரப்படாமல், அலவாங்கு கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தான். கீழே கிடந்தவர் தலையைத் தூக்கினார். பிரதீபன் அலவாங்கின் மொட்டைப் பக்கத்தால் அவர் தாடையில் குத்தினான். அந்தச் சத்தம் விறாந்தைவரை கேட்டது. பிள்ளைகளுக்குப் பழக்கமான சத்தம்தான். எல்லாம் ஒண்டாப் போகிற சத்தம்.

பிறகு மற்றவர்கள் இறங்கினார்கள். காலால் மிதித்தார்கள், சங்கிலியால் விளாசினார்கள். "பாலம் உடைக்க வந்தனீயோ? உடை பாப்பம்! உடையடா!" என்று கத்தினார்கள். வினோஜா ஓடினாள். பிள்ளைகளும் பின்னால் ஓடினார்கள் என்பது அவளுக்குத் தெரியாது. யாரோ அவளை நெஞ்சில் பிடித்துத் தள்ள, கைப்பிடிச் சுவரில் முதுகு மோதி விழுந்தாள். எழும்பினாள். மறுபடியும் தள்ளினார்கள். விதுசன் பக்கத்தில் நிற்பதைக் கண்டு, அவன் கையில் இருந்ததைப் பறித்துத் தலைக்கு மேலே தூக்கினாள். பெரியவர்கள் முன்னால் அவள் அப்படிக் கத்தியதை அதற்கு முன் எவரும் கேட்டதில்லை.

"இதுதான் பாலம்! இதைத்தான் உடைக்கிறது! பிள்ளையளின்ர ஈர்க்குப் பாலமடா!"

எல்லாரும் நின்றார்கள். ஒருவன் ஈர்க்குப் பாலத்தைப் பார்த்தான், படிக்கற்களைப் பார்த்தான், வாய்விட்டுச் சிரித்தான். பிறகு அவனும் சிரிப்பை நிறுத்தினான். கீழே செல்வநாயகத்தின் வாய் இருந்த இடத்தில் இரத்தம் குமிழி விட்டுக்கொண்டிருந்தது.

நிருஷனின் கையிலிருந்து மண்வெட்டிப் பிடி நழுவியது.

"நீதானேடி சொன்னனீ," என்றான். "பாலம் உடைக்கிறம் எண்டு நீதானே சொன்னனீ."

பிரதீபன்தான் முதலில் சுதாரித்தவன். அலவாங்கைச் சாரத்தால் நன்றாகத் துடைத்தான். துடைத்துவிட்டு அதைச் செல்வநாயகத்தின் வலக்கைக்குள் செருகி, அவர் விரல்களை ஒவ்வொன்றாக மடித்துவிட்டான்.

"இவர் பாலத்தை உடைக்க வந்தவர். மறிச்சனாங்கள். இவர்தான் முதல் அலவாங்கை ஓங்கினவர்." சுற்றி நின்றவர்களைப் பார்த்தான். பிறகு பிள்ளைகளைப் பார்த்தான். "எல்லாருக்கும் விளங்குதோ?"

*

செல்வநாயகம் சாகவில்லை. கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் தாடையைக் கம்பியால் கட்டிப் போட்டிருந்தார்கள். பேச முடியாது. எழுதவும் கை இல்லை, இரண்டும் முறிந்திருந்தன. கட்டிலடியில் பொலிஸ் காவல் இருந்தது. அரசாங்கப் பாலத்தை உடைக்கப் போனவர் என்று அவர்மேல்தான் முறைப்பாடு. கூட்டத்தில் கத்திய கதைக்குச் சாட்சி இருந்தது. கையில் அலவாங்கு இருந்தது. வினோஜாவின் குரல் பதிவு அவருடைய போனிலேயே இருந்தது; அதனால் அவள் சொன்னதைப் பொலிஸ் எடுக்கவில்லை.

"நாளைக்குப் பொலிஸ் பிள்ளையளை விசாரிக்க வருது. நீ அதுகளிட்டச் சொல்லு," என்றான் நிருஷன். "பாரம் ஐயாதான் முதல் அடிச்சவர் எண்டு சொல்லட்டும். நீ சொன்னா அதுகள் சொல்லுங்கள்."

"நான் சொல்லமாட்டன்."

அவன் அவள் கூந்தலைக் கையில் சுற்றித் தலையைக் குசினிக் கதவு நிலையில் மோதினான். நெற்றி பிளந்தது. மறுபடி மோதக் கையைப் பின்னால் இழுத்தவன் அப்படியே நின்று, கூந்தலைப் பிடித்தபடியே அழத் தொடங்கினான்.

"மறியலுக்குப் போய்க் கம்பிக்குள்ள இருக்க ஏலாது வினோ. எனக்குப் பயமாக் கிடக்கு. நான் தெரியாமத்தானே அடிச்சன்."

"அவருக்கும் தெரியாதுதானே அண்ணா, ஏன் அடிக்கிறாய் எண்டு."

தாய் வந்து அவளுடைய காலைப் பிடித்தாள். பெற்ற தாய் காலைப் பிடித்தாள். "ஒரு சொல்லுத்தானே பிள்ளை. அந்தாள் ஆர், எங்களுக்கு என்ன முறை? இவன் உன்ர கூடப்பிறந்தவனெல்லோ."

வினோஜா நெற்றியில் துணியை அழுத்திக்கொண்டாள். அண்ணன் மெசினால் இறங்க வேண்டும் என்று கோயில் கோயிலாக நேர்ந்தவள் அவள். இப்படி இறக்கச் சொல்லி நேரவில்லை.

மறுநாள் பின்னேரம் பொலிஸ் சார்ஜன்ட் வாசிகசாலைக்கு வந்தார். பிள்ளைகளைத் தாய்மார் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். பிரதீபனும் வந்து வாசல் நிலையில் ஹெல்மெட்டோடு சாய்ந்து நின்றான். அவன் பின்னால் நிருஷன். கமலாட்சி முற்றத்தில் குந்தியிருந்தாள்.

"ஆர் முதல் அடிச்சது?" என்று கேட்டார் சார்ஜன்ட்.

விதுசன் நிலத்தைப் பார்த்தான். அவன் தாய் அவன் பிடரியைப் பிடித்தபடி நின்றாள். முதல் நாள் பிரதீபனின் ஆட்கள் விதுசன் வீட்டுப் படலை வாசலில் இயந்திரத்தை நிறுத்தி, ஒரு மணித்தியாலம் சும்மா இரைய விட்டிருந்தார்கள்.

"பாத்தனீங்களோ இல்லையோ? பயப்பிடாமச் சொல்லுங்கோ."

மேசைக்கு மேலே விதுசனின் பாலம் இன்னும் உடையாமல் இருந்தது. மேனுகா அதைப் பார்த்தாள். பிறகு வினோஜாவின் நெற்றியில் இருந்த கட்டைப் பார்த்தாள்.

வினோஜா இரண்டு தரம் தொண்டையைச் செருமினாள்.

"ஒருத்தரும் அசையக் கூடாது," என்றாள். "மேனுகா. எது முதல் முறிஞ்சது?"

மேனுகா கையை உயர்த்திக்கொண்டே சொன்னாள், வகுப்பில் சொல்வதுபோல.

"ஐயாவின்ர இடப்பக்கம், அக்கா. காதடி. நிருஷன் அண்ணா மண்வெட்டிப் பிடியால அடிச்சவர். ஐயா சைக்கிளால இறங்கவே இல்லை. எங்களுக்குக் கை காட்டினவர். அலவாங்கு கட்டினபடியே இருந்தது."

முற்றத்தில் கமலாட்சி தலையில் அடித்துக்கொண்டு குளறினாள். சார்ஜன்ட் நிருஷன் பக்கம் திரும்பியதும் பிரதீபன் ஒரு எட்டு விலகி நின்றான்.

"கேட்டனீங்கள்தானே ஐயா," என்றான் பிரதீபன். "இவன் தன்ர பாட்டில செய்த வேலை. நான் அங்க மறிக்கத்தான் போனனான். பொடியன் கொஞ்சம் முரடன், நான் எத்தினை தரம் சொன்னனான்."

நிருஷன் அவனைத் திரும்பிப் பார்த்தான்.

மேனுகாவின் கை இன்னும் இறங்கவில்லை. வகுப்பில் முதலாவதை மட்டும்தான் கேட்பார்கள். அவளுக்கு அது போதாமல் இருந்தது.

"அக்கா, ரெண்டாவதையும் சொல்லட்டோ?"

வினோஜா வாயைத் திறக்குமுன் வாசலில் இருந்து குரல் வந்தது.

"சொல்லு பிள்ளை," என்றான் நிருஷன். "ரெண்டாவது ஆர்? எதால? வடிவாச் சொல்லு."

பிரதீபன் ஹெல்மெட்டைச் சுழற்றி அவன் முகத்தில் அறைந்தான். மூக்கு உடைந்து இரத்தம் சுவரில் தெறித்தது. நிருஷன் திருப்பி அடிக்காமல் அவன் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். இருவரும் மேசைமேல் விழ, மேசை கவிழ்ந்தது. ஈர்க்குப் பாலம் நான்கு கால்களுக்குக் கீழே நொறுங்கியது. சார்ஜன்ட் தடியை உருவினார். தாய்மார் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வெளியே ஓடினார்கள். அந்த அமளிக்குள்ளும் மேனுகா, தாயின் கையில் தொங்கியபடி, சொல்லவேண்டியதைச் சொல்லிக்கொண்டே போனாள்.

"பிரதீபன் மாமா! அலவாங்கின்ர மொட்டைப் பக்கம்! தாடை! பிறகுதான் எல்லாம் ஒண்டாப் போச்சு!"

இருவரையும் ஒரே ஜீப்பில் ஏற்றினார்கள். நிருஷன் தங்கையைப் பார்க்கவில்லை. மூக்கைச் சாரத் தலைப்பால் பொத்திக்கொண்டு ஆற்றைப் பார்த்தபடி போனான்.

*

வீட்டுக்கு வந்ததும் கமலாட்சி விளக்குமாற்றை எடுத்தாள்.

"காட்டிக் குடுத்திட்டியேடி! கூடப்பிறந்தவனைக் காட்டிக் குடுத்திட்டியேடி!"

இந்த மண்ணில் ஒருவரைச் சொல்லக்கூடிய சொற்களில் அதைவிடக் கேவலமான சொல் இல்லை. வினோஜா கையைத் தூக்கி மறிக்கவில்லை. முற்றத்து நடுவில் நின்று வாங்கினாள். முதுகில், கையில், நெற்றிக் கட்டில் அடி விழுந்தது. பால வகுப்புக்கென்று ஈர்க்கை உருவி உருவி விளக்குமாறு ஏற்கெனவே மெலிந்துபோயிருந்தது. அடிக்க அடிக்க மிச்ச ஈர்க்குகளும் முறிந்து பறந்தன. கடைசியில் கமலாட்சியின் கையில் கட்டுக் கயிறும் நாலைந்து குச்சிகளும்தான் இருந்தன. அவள் அவற்றைப் பார்த்தாள். பிறகு மகளின் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தாள்.

அது ஓயும்வரை வேலிக்கு அப்பால் ஒரு சைக்கிள் நின்றது. மேனுகா ஒரு காலை ஊன்றிக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"அக்கா," என்று மெல்லக் கூப்பிட்டாள். "சனிக்கிழமை வகுப்பு இருக்கோ?"

கமலாட்சி விம்மலுக்குள் நிமிர்ந்து பார்த்தாள். வினோஜா உதட்டில் வழிந்ததைப் புறங்கையால் துடைத்தாள்.

"ஓம்," என்றாள். "வரேக்கை ஈர்க்குக் கொண்டு வா. எங்கட வீட்டில இனி இல்லை."